பத்துக் கோடிப் பேரும் ஒரு கேட் வால்வும்

பதினெட்டு வருடமாக நான் பார்த்துவந்த வேலைக்கு நான் லாயக்கானவன்தானா என்று சோதிப்பதற்காக, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைப் பங்களாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. எங்கள் காப்பி எஸ்டேட்டின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு ஒரு கிளை விட்டு, பலாமரத்து மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்கி, பங்களாவுக்குப் போகிறது. வேளாவேளைக்கு வால்வைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். பலாமரத்து மேட்டில் அவ்வப்போது குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும். அப்போது குழாயில் காதை வைத்துக் கேட்டு, இணைப்பை ரெண்டு சுற்றுத் தளர்த்தி, புஸ்ஸென்று காற்று போனதும் முடுக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குழாயைக் கேட்டால் அது சொல்லும்.

எஸ்டேட்டை இந்த வருடம் 'சலசல' என்ற கம்பெனி வாங்கிவிட்டது. கைப்பேசியில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிற செயலி அவர்களுடையது. காப்பியில் அவர்களுக்கு நாட்டம் இல்லை. பங்களாவைச் சிந்தனை முகாம் ஆக்கினார்கள். நாற்பது பேர் பெங்களூரிலிருந்து வந்து தங்கி, பனிமூட்டத்தைப் பார்த்தபடி சிந்தித்தார்கள்.

மனிதவளத் தலைவர் ஷெர்வின் சார் எங்களைக் காப்பி காயவைக்கும் களத்தில் கூட்டி வைத்துப் பேசினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குளிருக்குக் கம்பெனிப் பெயர் போட்ட சட்டை மாட்டியிருந்தார்.

"எங்கள் நிறுவனத்தில் ஏற்றத்தாழ்வு என்பதே கிடையாது. சேர்மனாக இருந்தாலும் சரி, செடி வெட்டுகிறவராக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே வாசல். ஒரே தேர்வு. ஒரே கேள்வி. இதற்காக நாங்கள் மூன்று விருது வாங்கியிருக்கிறோம். ஆகவே உங்கள் எல்லாரையும் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கி, சமமாக நடத்தப் போகிறோம்."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். அதனால் காகிதம் என்று ஒன்று கைக்கு வந்தால் அவசரப்பட மாட்டேன், கடைசி வரி வரைக்கும் போவேன். எனக்குக் கொடுத்த காகிதத்தில் நான்கு சுற்று என்று போட்டிருந்தது. முதல் மூன்றும் பெயர், ஊர், மனப்பான்மை. நான்காவது, 'சிஸ்டம் டிசைன்: பத்துக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் உரையாடும் செயலியை வடிவமைத்தல். நாற்பத்தைந்து நிமிடம்.' அதற்கும் கீழே, பொடி எழுத்தில், தேர்ச்சி பெறாதவர் மாதக் கடைசிக்குள் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது.

ஷெர்வின் சாரிடம் போனேன்.

"ஏனுங்க சார், தண்ணி தொறந்து உடற வேலைக்கு இது எதுக்குங்க?"

"சித்தன், சமையல் மரியசெல்வியும் இதே கேள்விக்குத்தான் பதில் சொன்னாங்க. எங்க சேர்மனுக்கும் இதே கேள்விதான்."

"அவரு பாஸ் பண்ணுனாருங்களா?"

"அவர் கேள்வியைத் தயாரிச்சவர்."

மரியசெல்வியிடம் விசாரித்தேன். பத்துக் கோடிப் பேர் என்று கேட்டதும் அத்தனை பேருக்கும் சமைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அழுதுவிட்டதாம். 'தன் வரம்பை உணர்ந்தவர்' என்று எழுதி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சட்டென்று அழுகை வராது. வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது.

ஒண்டிக்கடை என்கிற முக்கில் சிக்கந்தர் பாய் வைத்திருக்கும் டீக்கடைக்குப் போனேன். அவர் மகள் ஆஃப்ரின் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பத்து மாதமாக இந்த மாதிரி நேர்காணலுக்கே தயாராகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பிஸ்கட் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து உள்பக்கமெல்லாம் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி இழுத்து வைத்திருக்கும்.

"நாலாவது சுத்து என்னமோ சிஸ்டம் டிசைனாம் கண்ணு," என்றேன்.

சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

"மாமா, நெசமாவா? அந்தச் சுத்துலதான் நான் மூணு கம்பெனில தோத்துட்டு வந்திருக்கறேன்."

"அப்ப உனக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு சாமி. ஊடு போயிரும்."

சிக்கந்தர் பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பத்து மாசமாப் பொட்டி பொட்டியா வரையறா சித்தா. ஒரு பொட்டியத் தொறந்து உள்ள என்னம்மா இருக்குதுன்னு கேட்டா, அங்க இன்னொரு பொட்டி இருக்குதுங்கறா."

"அத்தா, நீங்க சும்மா இருங்க!"

ஆஃப்ரின் ரெண்டு மத்தியானம் சொல்லிக் கொடுத்தது. இந்தச் சுற்றில் விடை முக்கியம் இல்லையாம், நடந்துகொள்கிற முறைதான் முக்கியமாம். கேள்வி கேட்டதும் பதில் சொல்லிவிடக் கூடாது, திருப்பி நாம்தான் கேள்வி கேட்க வேண்டும். பலகையில் எதையாவது வரைந்துகொண்டே இருக்க வேண்டும். தெரியாத இடம் வந்தால், 'அது தேவையைப் பொறுத்தது' என்று சொல்ல வேண்டும்.

"தெரிஞ்ச எடம் வந்தா?"

"அப்பவும் அதையேதான் சொல்லோணும் மாமா."

வீட்டில் பழகிப் பார்த்தேன். என் மனைவி வெள்ளையம்மாள், "ஏனுங்க, சோறு போடட்டுங்களா?" என்றாள்.

"எத்தன பேருக்குப் போடறாப்பல இருக்கற?"

"என்னது?"

"அஞ்சு வருசம் கழிச்சு எத்தன பேரு ஆவாங்க?"

"ஏனுங்க, வெயில்ல கியில்ல நின்னீங்களா? சோறு வேணுமா வேண்டாமா?"

"அது தேவையைப் பொறுத்தது."

அவள் சட்டியை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நேர்காணலில் இப்படி எழுந்து போக மாட்டார்கள் என்று ஆஃப்ரின் தைரியம் சொன்னது.

வெள்ளிக்கிழமை வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். ஷெர்வின் சாரும், தலைமை வடிவமைப்பாளர் அமுதவல்லி அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வெள்ளைப் பலகை. அமுதவல்லி அம்மா கேள்வியைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

ஆஃப்ரின் சொன்னபடி கேள்வி கேட்டேன். "ஏனுங்கம்மா, பத்துக் கோடிப் பேருங்கறீங்க. அத்தன பேருக்கும் பேசறதுக்கு விசயம் இருக்குதுங்களா?"

அமுதவல்லி அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஷெர்வின், எட்டு வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை."

"நாமும் கேட்டதில்லை," என்றார் ஷெர்வின் சார். எழுதிக்கொண்டார்.

வரைய வேண்டுமே என்று எழுந்தேன். எனக்கு வரையத் தெரிந்தது ஒன்றுதான். தொட்டியை வரைந்தேன். குழாயை இழுத்தேன். வால்வு, லயன், பலாமரத்து மேடு, பங்களா. தண்ணீர்ப் பாதை முழுக்கப் பலகையில் வந்துவிட்டது. அமுதவல்லி அம்மா கிட்ட வந்து பார்த்தார்.

"நடுவிலே இந்த மேடு என்ன? இங்கே ஒரு தாமதம் வருமா?"

"வருங்கம்மா. காத்து அடைச்சுக்கும்."

"நெருக்கடி மேலாண்மை," என்று ஷெர்வின் சாரிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த இணைப்பு உடைஞ்சா?"

"சைக்கிள் டியூப்பு ரப்பர் சுத்துவனுங்க."

"அதுவும் உடைஞ்சா?"

"அதும்மேல இன்னொரு ரப்பருங்க."

"அதுவும்?"

"அது தேவையைப் பொறுத்ததுங்க."

ரெண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்ததாக அமுதவல்லி அம்மா, அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது என்று அனுப்பியவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அது தண்ணீரில் இல்லை. ஆனால் சிக்கந்தர் பாய் கடையில் இருந்தது. அதைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் காட்டூர்களில் டவர் எடுக்காது. அதனால் பாய் கடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறது, ஊருக்கு ஒரு ஆணி. யாருக்காவது சேதி இருந்தால் சீட்டு எழுதிப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். கண்டக்டர் கடையில் தருவார், பாய் அந்த ஊர் ஆணியில் குத்துவார். சேதிக்குரியவன் சந்தைக்கு வரும்போது படித்துவிட்டு, சீட்டைத் திருப்பி, வெற்றுப்பக்கம் தெரியும்படி அதே ஆணியில் குத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பியிருந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். எழுதியவன் வந்து பார்த்துக்கொள்வான்.

"பஸ் வராவிட்டால்?"

"குப்பனூர் வழி வரலீன்னா அடிவாரம் வழி வருதுங்களே. மழைக் காலத்துல மரம் உளும்னு ரெண்டு பஸ்லயும் ஒவ்வொரு சீட்டுக் குடுத்துருவாங்க."

"அப்போ ஒரே செய்தி ரெண்டு தடவை வந்துடுமே?"

"வந்துச்சுங்கம்மா. ஒருக்கா பக்கத்து ஊரு மாதேஷோட தாத்தன் செத்துட்டாருன்னு ரெண்டு சீட்டு வந்து, ரெண்டு பேரு போயிட்டாங்கன்னு நாங்க ரெண்டு மாலை வாங்கிட்டுப் போயிட்டோம். ஒரு மாலை மிச்சம். இன்னொருத்தரு யாருன்னு கேட்டதுக்கு அடிக்கவே வந்துட்டாங்க. அதுக்கப்பறந்தான் பாய் சீட்டு மூலைல நம்பர் போடச் சொன்னாரு. ஒரே நம்பர்ல ரெண்டு வந்தா ஒண்ணைக் கிழிச்சுப் போடுவாரு."

அமுதவல்லி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நாங்க கண்டுபிடிக்க நாலு வருஷமும் முப்பது பொறியாளரும் ஆச்சு," என்றார்.

"உங்களுக்கு மாலை மிச்சமாயிருக்காதுங்கம்மா," என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

முடிவில், நான் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் ஷெர்வின் சார்.

"தண்ணியப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே சார்?"

"அதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். திறமைதான் முக்கியம்."

திங்கட்கிழமை முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. கம்பெனி வரலாற்றிலேயே அதிகமாம். கூடவே இன்னொரு வரி: 'இப்பணிக்குத் தேவையான தகுதியைவிடத் தங்கள் தகுதி மிக அதிகமாக இருப்பதால், தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.'

மூச்சு வாங்க ஓடினேன்.

"வருத்தமான விஷயம்தான்," என்றார் ஷெர்வின் சார். "ஆனா உங்க நன்மைக்குத்தான் சொல்றோம். இவ்வளவு திறமையுள்ளவர் வால்வு திறக்கிற வேலையில் சலிச்சுப்போய் ஆறே மாசத்தில் விட்டுட்டுப் போயிடுவீங்க. எங்க ஆய்வு அப்படித்தான் சொல்லுது."

"பதினெட்டு வருசமாப் போகலீங்களே சார்."

"அது நாங்க வர்றதுக்கு முந்தைய தகவல். கணக்கில் வராது."

"செரிங்க, அந்தப் பெரிய தகுதிக்கு என்ன வேலை இருக்குதோ அதையாவது குடுங்க."

"அது தலைமை வடிவமைப்பாளர் வேலை. அதுக்குப் பட்டம் வேணுமே."

"எல்லாருக்கும் ஒரே வாசல்னீங்க?"

"வாசல் ஒண்ணுதான் சித்தன். அறைகள் வேற வேற."

தண்ணீர் வேலைக்குச் சரியான அளவில் மதிப்பெண் எடுத்த ஒரு பொறியாளர் பெங்களூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கருவியைப் பொருத்தி, பங்களாக் கூடத்தில் பெரிய திரை மாட்டினார். தண்ணீர் கிளம்பியதும் திரையில் ஒரு டிக் விழும். பங்களாவை அடைகிற நேரத்தைக் கருவியே கணக்குப் போட்டு ரெண்டாவது டிக்கும் போட்டுவிடும். வெள்ளையம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த புதன்கிழமை பலாமரத்து மேட்டில் காற்று அடைத்துக்கொண்டது.

லயனுக்கு அந்த மேட்டுக்கு முன்னாலேயே கிளை பிரிந்துவிடுவதால் எங்களுக்குத் தண்ணீர் தாராளமாக வந்தது. பங்களாவில் திரையில் ரெண்டு டிக் விழுந்தது, குழாய் இருமியது. நாற்பது பேரும் கூடி ஆராய்ந்தார்கள் என்று மரியசெல்வி வந்து சொன்னது. திரையில் தண்ணீர் வந்துவிட்டதால் குழாயில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து, எல்லாக் குழாய்த் திருகையும் மாற்றினார்களாம். வியாழக்கிழமை, அதைப் பற்றிச் சிந்தித்தார்களாம். வெள்ளிக்கிழமை முகாமை முறைப்படித் தொடங்கி வைக்கச் சேர்மனே வந்து இறங்கினார்.

அதற்குள் ஷெர்வின் சார் என்னைச் சலசலவில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நேர்காணலுக்காக வெள்ளையம்மாளின் போனில் அதை ஏற்றியிருந்தார்கள். அந்தப் போனுக்குக் கொய்யா மரத்தின் ரெண்டாவது கிளையில் தொங்கவிட்டால்தான் டவர் எடுக்கும். சாக்குக்குள் கட்டியிருந்தோம். பதினாலு செய்தி, பதினாலுக்கும் ஒற்றை டிக்.

கடைசியில் மரியசெல்விதான் சொல்லியிருக்கிறது: "சார், சித்தன் இப்பப் பகலெல்லாம் பாய் கடைலதான் இருக்கறாரு. சீட்டுக் குடுத்து உடுங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, எங்கள் ஊர் ஆணியில் சலசல முத்திரை போட்ட காகிதம் தொங்கியது. மூலையில் ஒன்று என்று நம்பர்கூடப் போட்டிருந்தார். 'சித்தன் அவர்களுக்கு, மிக அவசரம். தண்ணீர் இல்லை. உடனே வரவும். ஷெர்வின்.'

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பிறகு திருப்பி, வெற்றுப்பக்கம் தெரியும்படி ஆணியில் குத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"டீ போடட்டா?" என்றார் பாய்.

"போடுங்க பாய். அவசரமில்லை."

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. ஷெர்வின் சார் முகம் மழிக்காமல் இறங்கி நேரே ஆணிக்குப் போனார்.

"திரும்பியிருக்கே! பார்த்துட்டாரா?"

"பாத்துட்டாருங்க சார்," என்றார் பாய்.

"பார்த்துட்டு ஏன் வரலை?"

"அது தேவையைப் பொறுத்ததுங்க."

ஆஃப்ரின் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டது. அப்போதுதான் ஷெர்வின் சார் பெஞ்சில் என்னைப் பார்த்தார்.

"சித்தன்! சேர்மன் குளியலறையில் தலை நிறைய ஷாம்பூவோட நிற்கிறார். கண்ணைத் திறக்க முடியலை. வாங்க!"

நான் எழுந்திருக்கவில்லை. பதில் சொல்லும் முன் கேட்க வேண்டும் என்றுதானே ஆஃப்ரின் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"எத்தன பேருக்குங்க சார் தண்ணி வேணும்?"

"நாற்பது. சேர்மனோட நாற்பத்தொண்ணு."

"எவ்வளவு தாமதம் தாங்கும்?"

"தாங்காது!"

"அஞ்சு வருசம் கழிச்சும் வேணுங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேணும்."

"அப்ப அஞ்சு வருசத்துக்கும் என் பேரு பட்டியல்ல இருக்கோணுங்க. ஊடும்."

ஷெர்வின் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "செய்ய முடியாது. தொண்ணூற்றேழு பதிவாயிடுச்சு. தொண்ணூற்றேழு எடுத்தவரை இந்த வேலைக்கு எடுத்தா, தகுதிக்கு மதிப்பில்லைன்னு ஆயிடும். விருதைத் திருப்பிக் கேட்பாங்க."

"செரிங்க. இன்னொரு டீ போடுங்க பாய்."

போன் அடித்தது. சேர்மன்தான். என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, ஆனால் சத்தம் பெஞ்சு வரைக்கும் வந்தது. ஷெர்வின் சார் பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு வழி இருக்கு. மறுதேர்வு. இப்பவே. ஒரே கேள்வி. நீங்க தோத்துட்டா, இந்த வேலைக்குத் தகுதியாயிடுவீங்க." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "சித்தன், பத்துக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் உரையாடும் செயலியை உங்களால் வடிவமைக்க முடியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க சார்."

"வாழ்த்துகள்," என்று கை கொடுத்தார்.

ஆணியிலிருந்த அதே சீட்டின் வெற்றுப்பக்கத்தில் வேலையும் வீடும் எனக்கே என்று எழுதி வாங்கினேன். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொன்னேன். முழுவதையும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் ஜீப்பைக் கிளப்பி நிறுத்தி வைத்திருந்தார்.

பலாமரத்து மேட்டில் குழாயில் காதை வைத்தேன். ரெண்டு சுற்று. புஸ்ஸென்றது. பங்களாவிலிருந்து நாற்பத்தொரு பேர் கத்தியது அங்கே வரைக்கும் கேட்டது.

ஆஃப்ரினுக்கு அடுத்த மாதமே வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் பத்துக் கோடிப் பேர் கேள்விதான். இந்த முறை ஆணியைப் பற்றிச் சொன்னதாம். சேர்ந்து மூன்று மாதமாகிறது. ஒரு பொத்தானைப் பச்சையிலிருந்து இன்னும் கொஞ்சம் நல்ல பச்சையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. பத்துக் கோடிப் பேர் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். இன்னும் அறுநூறு பேர்தான் வந்திருக்கிறார்களாம்.

பங்களாவில் இப்போது தண்ணீர் நின்றால் எனக்குச் சலசலவில் சொல்வதில்லை. சீட்டுத்தான் வருகிறது, மூலையில் நம்பரோடு. படித்ததும் திருப்பிக் குத்திவிடுவேன். மரியசெல்வி கடைக்கு வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும். நான் பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர் எப்போது வரும் என்பது, நான் டீயைக் குடித்து முடிப்பதைப் பொறுத்தது.